குள்ளனுக்கு ஒன்பது வரைதான்

நம் எட்டாம் வகுப்புத் தோழர்களின் கூடுகை மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தர வேண்டும், இரண்டு பக்கத்துக்குள், இனிப்பாக, என்று குழுவில் அறிவிப்பு வந்தது. ஐம்பதைத் தொட்டுவிட்ட நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஆனாலும் கேட்பது இனிப்புதான். என்னிடம் இருப்பது இது ஒன்றே. போட முடியாவிட்டால் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். என்னிடம் நகல் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவது முடிந்து ஒன்பதாவது தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறை. தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண்ணான சைனைடு மேட்டின் வெள்ளைத் தூள் காற்றில் கிளம்பி, கொடியில் காயும் துணியிலும் மூடாத சோற்றிலும் உட்காருகிற மாதம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். வீட்டுச் சாமான்களையெல்லாம் தோட்டத்தில் பரப்பி விற்றார்கள். டைம் ஆபீஸ் கிளார்க்கான என் அப்பா ஒரு மர அலமாரி வாங்கி வந்தார். அதில் தன் புத்தகங்களை அடுக்கி வைத்தால் ஆபீசர் மாதிரி இருக்கும் என்று நினைத்தார். அவரிடம் மூன்று புத்தகங்கள் இருந்தன, அதில் ஒன்று பஞ்சாங்கம்.

அலமாரியின் அடித்தட்டில், விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே, மேலட்டை போன ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. பாச்சை உருண்டை வாசனையும் பைப் புகையிலை வாசனையும் சேர்ந்து அடித்தது. பக்கத்தில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் பகடைகள். நாம் பார்த்த ஆறு முகப் பகடை ஒன்றுதான். மற்றவற்றுக்கு நாலு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகங்கள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றுக்கு மட்டும் இருபது முகம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வெளிச்சம் நெளிந்தது. அதுவரை என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான பொருள் அதுதான். இன்றைக்கும் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை.

இன்று பெங்களூரில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கடையில் கூடி ஆடுகிற ஆட்டம்தான் அது. ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். பலகை வேண்டாம், சீட்டு வேண்டாம், வாயும் பகடையும் போதும். ஆனால் வேஷம் கட்டுமுன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். எந்த இனத்தில் பிறக்கிறாய் என்று முடிவு செய்ய வேண்டும். மனிதன், எல்ஃபு, குள்ளன், அரையாள், பாதி அரக்கன் என்று இனங்கள். எந்த இனத்துக்கு எவ்வளவு பலம், எவ்வளவு அறிவு, எத்தனை வயசு என்பதற்கெல்லாம் அட்டவணை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தேன். புரிந்தது பாதி. மீதியை நானே இட்டு நிரப்பினேன். பிற்பாடு கட்டுரைகள் எழுதிப் பிழைத்ததற்கு அதுதான் பயிற்சி.

சுரங்கத் தொழிலாளிகளின் ஸ்கெலட்டன் லைன் வீடுகளுக்கும் சைனைடு மேட்டுக்கும் நடுவே தண்ணீர் வராத ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இறங்கி உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரியும். அங்கேதான் ஆடினோம், மூன்று பேர். ஒருவன், ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்வரும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜின் டிரைவரின் மகன். இப்போது நம் குழுவில் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறானே, அவனேதான். இன்னொருத்தி, சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற டிரில்லரின் மகள். கணக்கில் முதல் மார்க். அவள் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் இருக்கும், வைகாசிப் பௌர்ணமிக்குப் பாயசம் தருவார்கள். மூன்றாவது ஆள் நான்.

"நான் எல்ஃபு," என்றான் வைண்டிங் டிரைவர் மகன். "எல்ஃபுக்கு மயக்க மந்திரம் போட்டாலும் தூக்கம் வராதாம்."

"கிளாஸ்ல நீ கண்ணு தொறந்து நான் பாத்ததே இல்ல. நீ எல்ஃபா?" என்றாள் டிரில்லர் மகள்.

"அதுக்குத்தான் எடுத்துக்கறேன். நம்மகிட்ட இல்லாததத்தான் எடுக்கணும்."

புத்தகம் எழுதியவருக்குக்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம். எல்ஃபு என்றால் ஒல்லி உடம்பு, வெள்ளைத் தோல், மரங்களுக்கு நடுவே வீடு, சாயங்காலமானால் பாட்டு. ஆபீசர் பங்களாக்காரர்கள் என்று நாங்களே புரிந்துகொண்டோம். குள்ளன் என்றால் நாலடி உயரம், தாடி, கையில் கோடாலி. பூமிக்கடியில் வாழ்கிறவர்கள். இருட்டில் கண் தெரியும், விஷம் ஏறாது, குடைந்த பாதை எந்தப் பக்கம் சரிகிறது என்று கால் வைத்தே சொல்வார்கள். சிடுசிடுப்பு, பிடிவாதம், தங்கத்தின்மேல் தீராத ஆசை. எழுதியவர் நம் ஊருக்கு வந்ததில்லை என்பது நிச்சயம். வந்திருந்தால் தாடியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்.

"நீ குள்ளன்," என்றேன் அவளிடம். கேட்கவில்லை, சொன்னேன்.

"அவனுக்கு மட்டும் கேட்ட. எனக்கு நீயே சொல்ற?"

"உங்கப்பா அண்டர்கிரவுண்டு. உங்களுக்குத்தான் பழக்கம்."

அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வயசு அட்டவணையில் விரலை வைத்தாள்.

"இவுங்க எத்தினி வருஷம் இருப்பாங்க?"

"முன்னூத்தம்பது."

"நெசமா போட்டுகீதா?"

"தோ, பாரு."

"வெஷம் ஏறாதுன்னியே. தூசு?"

"தூசுன்னு தனியா போடல. வெஷம்னுதான் போட்டிருக்கு."

"அப்ப தூசும்தான்," என்று அவளே தீர்ப்பு சொன்னாள். "எங்கப்பாவுக்கு நாப்பத்தொண்ணு. இன்னும் முன்னூத்தி ஒம்பது வருஷம் கீது. செரி, குள்ளன் குடு. ஆனா நான் இல்ல. எங்கப்பாவ வெச்சி ஆடறேன்."

வேஷத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றேன். நாற்பது-பதினேழு என்று எழுதினாள். அது அவள் அப்பாவின் டோக்கன் நம்பர்.

நான் கதை நடத்துகிறவன். அதோடு மனிதனாகவும் ஆடினேன். புத்தகத்தில் மனிதனுக்கென்று ஒரு சிறப்பும் கிடையாது. இருட்டில் கண் தெரியாது, மோப்பம் கிடையாது, ஆயுசும் குறைச்சல். ஆனால் யார் எந்த லெவல் வரை உயரலாம் என்ற அட்டவணையில் மற்ற இனங்களுக்கெல்லாம் எதிரே ஓர் எண் இருந்தது. மனிதனுக்கு எதிரே மட்டும் எல்லையில்லை என்று போட்டிருந்தது. விதியைச் சொல்கிறவனும் நானே, விதி தொடாதவனும் நானே. ஊரில் மற்ற காரியங்கள் எப்படி நடந்தனவோ, அப்படித்தான் இதுவும் நடந்தது.

டோக்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மெட்ரோ டோக்கன் என்று நினைக்கிறார்கள். பழைய ரூபாய்க் காசு அளவில் பித்தளை வட்டம், நடுவே குத்திய நம்பர், மேலே ஓர் ஓட்டை. கீழே இறங்குகிறவன் டைம் ஆபீஸில் தன் டோக்கனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும், உடம்பில் தங்கம் ஏதும் ஒளித்திருக்கிறானா என்று சர்ச் ரூம் என்ற சோதனை அறையில் தடவிப் பார்ப்பார்கள். அதைத் தாண்டி வந்து ஜன்னலில் டோக்கனைக் கொடுப்பான். கிளார்க் அதைப் பலகையில் அவன் நம்பர் ஆணியில் மாட்டுவார். ஆணியில் டோக்கன் இருந்தால் ஆள் மேலே. ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. ஆள் வீட்டில் இருந்து ஆணி காலியாக இருந்தால், சர்ச் ரூமுக்குத் தப்பி வேறு வழியாக வந்திருக்கிறான் என்று அர்த்தம். தங்கம் எடுக்கிறவன் என்று அர்த்தம்.

டோக்கனைத் திரும்ப வாங்கும்போதே கிளார்க் பதிவேட்டில் டிக் அடிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் ஜன்னலில் முட்டும்போது அது நடக்கிற காரியமில்லை. அப்பா முதலில் எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிடுவார். நாலு மணிக்கு, காபி குடித்த பிறகு, பலகையைப் பார்த்து நிதானமாக டிக் அடிப்பார். வருஷக்கணக்காக அப்படித்தான். யாருக்கும் தெரியாது. தினமும் மூன்றரைக்கு ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோகிற எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்டத்துக்குக் காய்கள் தேவைப்பட்டன. டைம் ஆபீஸ் மூலையில் ஒரு பிஸ்கட் டப்பாவில், வேலையை விட்டுப் போனவர்கள், செத்தவர்கள் டோக்கன்கள் கிடந்தன. அப்பாவைக் கேட்டு நாலைந்து எடுத்துவந்தேன். சிமெண்டுத் தரையில் அவற்றை நகர்த்தும்போது ஒரு கீச்சு சத்தம் வரும், பல் கூசும்.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் டிரில்லர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆறடிக்குமேல் உயரம். லைன் வீட்டு வாசலில் குனிந்து குனிந்தே முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. காதோரம் ஈரச் சேறு.

"இன்னா ஆட்டம் இது?"

"உன்னத்தாம்பா வெச்சிகினு ஆடறேன்," என்றாள் மகள்.

"என்னயா? எந்த லெவல்ல கீறேன்?" சுரங்கத்தில் லெவலை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள்.

"மூணாவது லெவல்," என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிய நேரம் பிடித்தது. "மூணாவதா! அது நான் வேலைக்கிச் சேந்த மொத நாளு, தம்பி. இப்ப எங்கியோ கீழ கீறேன்."

"இதுல லெவலு மேல போவும்பா. கீழ இல்ல."

"மேல வர்ற ஆட்டமா? நல்லாகீதே." தொட்டி விளிம்பில் கையூன்றிக்கொண்டார். "நானும் மேல வரப்போறேன். டாக்டரு எழுதிட்டாரு. கம்ப்ரசர் ரூம்ல உக்காந்துகினு எண்ணெ ஊத்தற வேல. பேப்பரு உங்கப்பா டேபிள் மேலதான் கீது. சார்கிட்ட ஞாபகப்படுத்து, இன்னா?"

ஞாபகப்படுத்தினேன். "போகும், போகும். அந்த ஆளுங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்," என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு டிரில்லர் மகள் வந்தால் அம்மா டீ கொடுப்பாள். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவளுக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கப். காது உடைந்த கப்தான், ஆனால் பீங்கான். விருந்தாளிக்கு உசத்தியானதைக் கொடுக்கிறோம் என்று பெருமையாக நினைத்திருந்தேன். அந்தக் கப் ஏன் சமையல்கட்டுக்குள் வராமல் பின்பக்க ஜன்னல் மேடையிலேயே இருந்தது என்று யோசிக்க எனக்கு முப்பது வயதாயிற்று.

மே மாதக் கடைசியில் நாற்பது-பதினேழு ஒன்பதாவது லெவலைத் தொட்டது. அவள் கணக்கில் புலி. எந்த நேரத்தில் எந்தப் பகடை என்று பார்த்துப் பார்த்து ஆடியிருந்தாள். எல்ஃபு ஐந்தில் கிடந்தது. எல்லையில்லாத மனிதனாகிய நான் ஆறில் இருந்தேன்.

"அடுத்தது பத்து," என்று தாளில் எழுதப்போனாள்.

"பத்து கெடையாது. குள்ளனுக்கு ஒம்பது வரைக்கும்தான்."

"யாரு சொன்னது?"

"புஸ்தகம்."

அட்டவணையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"மார்க் நான் எடுத்தேன். அப்பறம் இன்னாத்துக்கு எனக்கு நிறுத்தறாங்க?"

"நீ நல்லா ஆடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அந்த இனம் அவ்ளோதான்."

"நீதான நடத்தற? மாத்து."

"ரூலு ரூலுதான்."

"அப்ப நீயே உக்காந்து ஆடு," என்று எழுந்து போய்விட்டாள். டோக்கனை எடுக்கவில்லை. யாரோ ஒரு செத்த மனிதரின் நம்பர் அது. தொட்டி நடுவில் அப்படியே கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், நடத்துகிறவர் விரும்பினால் எந்த விதியையும் மாற்றிக்கொள்ளலாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கம் கிழிந்திருக்கவில்லை. அகராதி பார்க்காமலே எனக்குப் புரிந்த சில வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு நாள் ஆட்டம் இல்லை. வைண்டிங் டிரைவர் மகன் தொட்டிக்குள் படுத்துத் தூங்கினான், எல்ஃபு வேஷத்தைக் கலைத்துவிட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும், ஆனால் விதியை விட்டுக்கொடுக்கவும் கூடாது. மூன்றாம் நாள் மூன்றரைக்குக் காபி கொண்டுபோனபோது அப்பா கைகழுவப் பின்பக்கம் போனார். எதிரே பலகை. முதல் ஷிப்ட் டோக்கன்கள் அப்போதுதான் மாட்டி, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. நாற்பது-பதினேழாம் ஆணி என் தோள் உயரத்தில் இருந்தது. எடுத்து டிராயர் பையில் போட்டுக்கொண்டேன். ஓர் ஆளின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

நாலு மணிக்கு டிக் அடிக்கப்படும் என்று எனக்குத் தெரியும் என்றேனே, அது அப்போது நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் இதுவரை எல்லாரிடமும், முக்கியமாக என்னிடம், சொல்லி வந்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் நின்றிருந்தாள். வைண்டிங் டிரைவர் மகனும் கூட வந்திருந்தான். டோக்கனை நீட்டினேன்.

"எங்கப்பா நம்பரு! ஏது?"

"பழசு. புதுசு அடிச்சா பழச டப்பாவுல போட்டுடுவாங்க."

பாவாடையில் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒம்பதுக்கு மேல போவாதா?" என்றாள்.

"போவாது. ஆனா ஒம்பதுலயே பெரிய ஆளு நீதான்."

யோசித்தாள். "செரி, நாளைக்கி வரேன்," என்று அதைத் தன் காம்பஸ் பாக்ஸில் வைத்தாள். சமாதானத்துக்கு அடையாளமாக அந்த இருபது முகப் பகடையையும் ஓர் இரவு வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். அவ்வளவு தாராளமாக நான் பிறகு இருந்ததில்லை.

ஐந்தரை மணிக்குச் சுரங்கக் காவல் படையான வாட்ச் அண்ட் வார்டின் ஜீப் லைனுக்குள் வந்தது. இறங்கியவர்கள் ஜமேதாரும் இரண்டு காவலர்களும். பின்னால் நடந்து வந்தவர் என் அப்பா, கையில் பதிவேடு. சத்தம் கேட்டு லைன் முழுக்க வாசலுக்கு வந்தது. நானும் ஓடினேன்.

டிரில்லர் லுங்கியோடு வாசலில் நின்றிருந்தார். "நான் குடுத்தேன் சார். ஜன்னல்ல உங்க கையிலதான் குடுத்தேன். என் பின்னாடி நின்னவன்கூட பாத்தான்."

"ஆயிரம் பேர் குடுக்கறீங்க. பலகைல இல்ல. நான் பலகையத்தான் பாக்க முடியும்," என்றார் அப்பா. குரலில் சந்தேகமே இல்லை. உண்மையாகவே நம்பினார். அண்டர்கிரவுண்டு ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அவரிடமும் ஓர் அட்டவணை இருந்தது.

பானையைக் கவிழ்த்தார்கள், அரிசியைக் கொட்டினார்கள், புத்தர் படத்தைக் கழற்றிப் பின்னால் தட்டிப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு காவலர் காம்பஸ் பாக்ஸைத் திறந்தார். டோக்கன். பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் இருபது முகம்.

"ஏனிது? கல்லா?" என்று ஜமேதார் கன்னடத்தில் கேட்டபடி பகடையை விளக்கில் காட்டினார். கடித்துப் பார்த்தார். "அஸ்ஸே ஆபீஸுக்கு அனுப்பு," என்றார். தங்கத்தைச் சோதிக்கிற இடம் அது. காவலர் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டார்.

"அது ஆடறது சார்! டோக்கன் அவன்தான் குடுத்தான்!" டிரில்லர் மகள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துக் கையை நீட்டினாள். "பழசுன்னு குடுத்தான். கேளுங்க. டேய், சொல்லுடா!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பாவின் தலையும். ஜமேதார் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி? கிளார்க்கு சார் மகன்தானே? நீயா குடுத்த?" என்றார், கொஞ்சம் சிரித்தபடி.

"இல்ல," என்றேன். அது போதாதென்று தோன்றி, "டோக்கன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது," என்றேன்.

தோழர்களே, இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் சிரிப்பு வரவழைக்கத் தவறிய இடங்கள் நிறைய உண்டு. ஆனால் இதற்கு ஒருவர்கூடச் சிரிக்காததுதான் ஆச்சரியம். டைம் ஆபீஸ் கிளார்க் மகன், நந்திதுர்க்கில் பிறந்தவன், டோக்கன் என்றால் என்னவென்று தெரியாதவன். அங்கே நின்ற அத்தனை பேரில் அது பொய் என்று தெரியாத ஆளே இல்லை. என் பக்கத்தில் நின்ற வைண்டிங் டிரைவர் மகனுக்குத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். நம்பினேன். இப்படிப்பட்டதை நம்பிக்கொள்ள நான் எப்போதும் தயார்.

டிரில்லர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளின் நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "உள்ள போம்மா," என்றார். அவ்வளவுதான்.

தங்கம் எதுவும் கிடைக்காததால் வேலை போகவில்லை. பதினைந்து நாள் சஸ்பென்ஷன், பதிவேட்டில் சிவப்பு மை. கம்ப்ரசர் ரூம் பேப்பர் அப்பாவின் மேஜையிலிருந்து வேறொரு மேஜைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. சந்தேகத்துக்கு ஆளானவனை மெஷின் பக்கம் உட்கார வைப்பதில்லை என்று சொன்னார்களாம். அவர் மறுபடி கேஜில் இறங்கினார், சுரங்கம் மூடுகிறவரை.

அந்த வாரம் முழுக்க நான் அழுதேன். டிரில்லருக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. பகடைக்காக அழுதேன். அஸ்ஸே ஆபீஸிலிருந்து அது திரும்பவே இல்லை. இருபது முகம் இல்லாமல் ஆட முடியாது. புத்தகம் எடைக்குப் போனது. "லைன் பசங்களோட சேராதன்னு தலபாடா அடிச்சிகினேன்," என்றாள் அம்மா. பீங்கான் கப்பைத் தூக்கி எறிந்தாள்.

அப்பா என்னை நம்பிவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் காபி கொண்டுபோனபோது டைம் ஆபீஸ் பலகைக்கு முன்னால் தச்சர் ஒருவர் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பூட்டு, சாவி அப்பாவின் பூணூலில். அவர் ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு, "இனிமே நீ வரவேணாம். பியூன் வாங்கிப்பான்," என்றார். ஜன்னலில் டோக்கனைக் கொடுக்காமல் போனவன் குற்றவாளி என்றால், உள்ளே மாட்டிய டோக்கன்களுக்கு வலை எதற்கு? இதைக் கேட்க எனக்குத் தோன்றியபோது அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. நான் அவரைக் கேட்டால், நாலு மணி டிக்கைப் பற்றி அவரும், அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நானும் பேச வேண்டியிருக்கும். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டோம். எங்கள் வீட்டில் பாசம் என்று இருந்தது அதுதான்.

போன மாதம் என் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் கூட்டத்தில் ஓர் ஆள் குறைகிறதாம், நான் வர வேண்டுமாம். "உங்க இனம் என்னன்னு மட்டும் போடுங்கப்பா. மத்தத நான் பாத்துக்கறேன்." எல்லை அட்டவணையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். "அதெல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்க. இப்ப யாரு வேணா எதுவரைக்கும் வேணா போலாம். இனத்த வச்சு மார்க் போடறதே கிடையாது." எவ்வளவு சுலபமாக எடுத்திருக்கிறார்கள், ஒரு பக்கம்தான்.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை ஊருக்கு ரயில் ஏறினேன், அம்மாவின் பென்ஷன் விஷயமாக. பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கி, எதிர் சீட் காலியாயிற்று. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்து, என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நீங்க டைம் ஆபீஸ் கிளார்க்கு சார் பையன்தானே?" என்றார்.

டிரில்லர் மகள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். தினம் போய் வருகிறாள்.

"அப்பா எப்படி கீறாரு?" என்றாள்.

"போயிட்டாரு. எழுபத்தொம்போது."

"நல்ல வயசு. எங்கப்பாவுக்கு அம்பத்தி மூணு. கடைசில நானே படம் எடுத்தேன். நெஞ்சு பூரா வெள்ளவெள்ளயா, சைனைட் மேடு மாதிரி."

வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கமும் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அன்னிக்கு நான்..." என்று தொடங்கியவன், வார்த்தையால் பிழைக்கிறவன், அதற்கு அடுத்த வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் உதவவில்லை. கடலைத் தோலை ஊதினாள். ஜன்னலுக்கு வெளியே சைனைடு மேடு தெரியத் தொடங்கிவிட்டது.

அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. "அந்த ஆட்டம். இப்ப மாத்திட்டாங்க. குள்ளனுக்கு லிமிட் கெடையாது. எது வரைக்கும் வேணும்னாலும் போலாம்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தாள், அன்று அட்டவணையைப் படித்த மாதிரியே.

"மனுஷனுக்கு?" என்றாள்.

"மனுஷனுக்கு எப்பவும் போலத்தான். லிமிட் இல்ல."

வண்டி கோரமண்டலுக்குள் நுழைந்து வேகம் குறைந்தது. அவள் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மனுஷனுக்கும் லிமிட் கீதுடா. அன்னிக்கி எங்க வாசல்ல பாத்தேன்."

இறங்கிப் போனாள்.